சாயம், ரப்பர், கொய்னா: சரக்கு நீர்மூழ்கிகளும் கொங்கு நாடும்

கோயம்புத்தூருக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. அதன் வழியாகக் காற்று வரும், சாரல் வரும், ரயிலும் லாரியும் வரும், கடல் வராது. ஆனாலும் ரெட்பீல்ட்ஸ் பகுதியில் ஐ.என்.எஸ். அக்ரணி என்ற கடற்படைப் பயிற்சி நிறுவனம் இன்றும் இயங்குகிறது. கடல் இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அதற்கு விடை தேடினால் 1942ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேர்வோம். அந்த ஆண்டில் கோவையின் பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு விமானப் பழுதுபார்ப்புத் தளத்தை அமைத்தது. கப்பலுக்குப் பெயர் வைப்பதுபோலவே அதற்கும் எச்.எம்.எஸ். கருடா என்று பெயர் வைத்தது. 1946 வரை அது இயங்கியது. 1945இல் கோவையை அடுத்த சூலூரில் எச்.எம்.எஸ். வைரி வந்தது. கடற்படையின் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். வைரி என்பது நம் பக்கத்தில் வல்லூற்றுக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று.

பீளமேடு வரை கடற்படையை இழுத்து வந்த அந்தப் போரில், நம் பக்கம் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் உண்டு. குண்டு போடுவதை விட்டுவிட்டுச் சரக்கு ஏற்றிப் போன நீர்மூழ்கிகளின் கதை அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கப்பலின் நீளம், தளபதியின் பெயர், மூழ்கிய இடத்தின் ஆழம் எல்லாம் அவற்றில் கிடைக்கும். அந்தச் சரக்கை உண்டாக்கிய கைகள் எங்கே என்று தேடினால் கிடைப்பது சொற்பம். சாயம், ரப்பர், கொய்னா ஆகிய மூன்று சரக்குகளைப் பின்தொடர்ந்து அந்தக் கைகள் வரை போய்ப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாயம் சுமந்த கப்பல்

கதை அதற்கும் முந்தைய போரிலேயே தொடங்குகிறது. முதல் உலகப் போரில் பிரிட்டன் ஜெர்மனியைக் கடல்வழியே முற்றுகையிட்டது. வணிகக் கப்பல் எதுவும் ஜெர்மன் துறைமுகத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. கடலுக்கு மேலே வழி அடைபட்டதால் கடலுக்கு அடியில் போவது என்று பிரேமன் நகரத்து வணிகர்கள் முடிவு செய்தார்கள். 1916இல் 'டாய்ச்லாந்து' என்ற நீர்மூழ்கி கட்டி முடிக்கப்பட்டது. அதில் பீரங்கியும் இல்லை, டார்பிடோவும் இல்லை. முழுக்க முழுக்கச் சரக்கு வண்டி. பவுல் கோனிக் என்ற வணிகக் கப்பல் தலைவர் அதை ஓட்டினார். ஜூன் மாதம் புறப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து, ஜூலை இரண்டாம் வாரத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் வந்து நின்றது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை.

அதன் வயிற்றில் இருந்த முக்கியச் சரக்கு சாயம். அலிசரின் வகையைச் சேர்ந்த ஜெர்மன் ரசாயனச் சாயங்கள். போர் தொடங்கியதும் அவை வராமல் அமெரிக்க ஆலைகள் தவித்துக்கொண்டிருந்தன.

அதே தவிப்பு இங்கேயும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக்குள் ஜெர்மன் ரசாயனச் சாயம் நம் அவுரியையும் சாயவேரையும் சந்தையிலிருந்து விரட்டிவிட்டது. மதுரைச் சாயப்பட்டறைகளின் புகழ்பெற்ற சிவப்புக்கு அலிசரின்தான் ஆதாரமாகியிருந்தது. 1914இல் போர் மூண்டதும் வரத்து நின்றது, விலை பல மடங்கு ஏறியது, கைவிட்ட அவுரிக்கு மறுபடி கிராக்கி வந்தது. சாயநூலை நம்பித் தறி ஓட்டும் ஊர்களான சென்னிமலைக்கும் பவானிக்கும் இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சாயக்காரருக்காகக் கடலடியில் ஒரு கப்பல் போனது. அடிமை நாட்டு நெசவாளருக்கு அப்படி எந்தக் கப்பலும் வரவில்லை.

திரும்பும் பயணத்தில் டாய்ச்லாந்து 341 டன் நிக்கல், 93 டன் வெள்ளீயம், 348 டன் கச்சா ரப்பர் ஏற்றிக்கொண்டது. ரப்பரில் பெரும்பகுதியை நீர் புகாத உள்கூட்டுக்கு வெளியே, கடல்நீர் படும் இடத்திலேயே அடுக்கினார்கள். உப்புநீர் பட்டால் ரப்பர் கெடாது என்பதால் அப்படிச் செய்ய முடிந்தது. நீர்மூழ்கிக்கும் ரப்பருக்கும் ஏற்பட்ட உறவு அங்கே தொடங்கியது. அடுத்த போரில் அது இன்னும் இறுகியது.

உடன்பிறப்பாகக் கட்டப்பட்ட 'பிரேமன்' முதல் பயணத்திலேயே காணாமல் போனது. டாய்ச்லாந்து இன்னொரு முறை அமெரிக்கா போய் வந்தது. 1917இல் அமெரிக்காவும் போரை நோக்கி நகர்ந்ததும் வணிகம் முடிந்தது. ஜெர்மன் கடற்படை அதை எடுத்துப் பீரங்கி பொருத்தி யு-155 என்று எண்ணிட்டது. 1917 ஜூலை 4 அன்று அட்லாண்டிக் நடுவே உள்ள அசோர்ஸ் தீவுக் கூட்டத்தில் போண்டா டெல்காடா நகரத்தின் மீது அந்தக் கப்பல் குண்டு பொழிந்தது. ஓர் இளம்பெண் உயிரிழந்தாள். சாயமும் மருந்தும் சுமந்து வந்த கப்பல் ஓராண்டுக்குள் ஒரு தீவின் வீடுகளைச் சுட்டது.

பால்மரக் காடும் பினாங்கும்

இரண்டாம் உலகப் போரில் இந்த யோசனை மீண்டும் உயிர்பெற்றது. 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவின் பினாங்கைக் குண்டு வீசிப் பிடித்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ஜாவா வீழ்ந்தது. உலகின் இயற்கை ரப்பரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கும், கொய்னாவில் அதே அளவும், வெள்ளீயத்தின் பெரும்பகுதியும் ஜப்பான் கைக்குப் போயின. ஜெர்மனிக்கு இவை மூன்றும் வேண்டும். செயற்கை ரப்பர் அவர்களிடம் இருந்தது. ஆனால் அதோடு கலக்க இயற்கை ரப்பர் இல்லாமல் தீராது.

அந்த ரப்பரை வெட்டியவர்கள் யார்? திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னே போனவர்கள். கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதியான நாமக்கல், ராசிபுரம் வட்டாரம் அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் காத்திருந்து, ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். விடிவதற்கு முன்னே உளியோடு தோட்டத்துக்குள் போக வேண்டும். மரப்பட்டையை ஆழமும் போகாமல் மேலாகவும் இல்லாமல் ஒரே சரிவாகச் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். சொட்டுச் சொட்டாக மங்கில் விழுந்த பாலை வாளியில் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். பிறகு அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்திக் கட்டுவார்கள். அந்தக் கட்டுதான் கப்பல் ஏறும் ரப்பர் பேல். பஞ்சுப் பேலைப் பார்த்துப் பழகிய கோவைக்காரருக்கு அதன் அளவும் கனமும் உடனே மனக்கண்ணில் வரும்.

ஜப்பான் ஆட்சியில் இந்தத் தோட்டத் தமிழர்கள் பட்ட பாடு தனிக் கதை. சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். சரக்கு நீர்மூழ்கிகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பின்புலத்தை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது.

முதலில் ஜெர்மானியர் மேல்மட்டக் கப்பல்களில்தான் ரப்பரைக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அவற்றில் பலவும் வழியிலேயே மாட்டிக்கொண்டன. 1944 ஜனவரி 3 முதல் 5 வரை, மூன்றே நாளில் வேசர்லாந்து, ரியோ கிராண்டே, புர்கன்லாந்து ஆகிய மூன்றையும் அமெரிக்கர்கள் தென் அட்லாண்டிக்கில் முடித்துவிட்டார்கள். 2018இல் பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில் கரிய பெரிய கட்டிகள் ஒதுங்கின. மீனவர்களுக்கு அவை என்னவென்று புரியவில்லை. ரியோ கிராண்டேயில் இருந்த ரப்பர் பேல்கள் அவை என்று ஆராய்ச்சியாளர்கள் பிறகு கண்டறிந்தார்கள். முக்கால் நூற்றாண்டு கடலடியில் கிடந்தும் கெடவில்லை.

மேல்மட்டக் கப்பல்கள் இப்படி மாட்டிக்கொள்ள, பாரம் நீர்மூழ்கிகளின் மேல் இறங்கியது. பினாங்குத் துறைமுகம் ஜப்பானிய, ஜெர்மன், இத்தாலிய நீர்மூழ்கிகள் ஒன்றுகூடும் இடமானது. இத்தாலியர் பிரான்சின் போர்தோ நகரில் தங்கள் பெரிய நீர்மூழ்கிகளைச் சரக்குக் கப்பல்களாக மாற்றினார்கள். மூன்று மட்டுமே கிழக்கே வந்து சேர்ந்தன. ஜெர்மானியர் தங்கள் படகுகளின் அடிப்பாரமாக வெள்ளீயத்தையும் டங்ஸ்டனையும் வைத்து ஏற்றிப் போனார்கள். ஜப்பான் ஐரோப்பாவுக்கு அனுப்பிய பெரிய நீர்மூழ்கிகள் ஐந்து. அவற்றில் ஐ-30 திரும்பி வந்து சிங்கப்பூர் வாசலில் கண்ணிவெடியில் மூழ்கியது. ஐ-34 பினாங்கை எட்டும் நேரத்தில் 1943 நவம்பர் 13 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி டாரஸால் அழிக்கப்பட்டது. ஐ-29 பிரான்சு வரை போய்த் திரும்பும் வழியில் 1944 ஜூலையில் மூழ்கியது. ஐ-52 போய்ச் சேரவே இல்லை. ஐ-8 ஒன்றுதான் போய்விட்டு முழுதாக ஊர் திரும்பியது.

சரக்கோடு சரக்காகப் போன மனிதர்கள்

இந்தக் கடலடிப் பாதையில் நம் நாட்டார் நன்றாக அறிந்த பயணம் ஒன்று உண்டு. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் யு-180இல் ஏறிய நேதாஜி சுபாஷ் சந்திர போசும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ஆப்பிரிக்காவின் தெற்குமுனையைச் சுற்றி வந்தார்கள். ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே கொந்தளிக்கும் கடலில் ரப்பர் மிதவையில் இறங்கி, பினாங்கிலிருந்து வந்திருந்த ஐ-29க்கு மாறினார்கள். மே மாதத் தொடக்கத்தில் சுமத்ராவை ஒட்டிய தீவொன்றில் உள்ள சபாங் துறைமுகத்தில் கரையேறினார்கள். ஐ-29 எதிர்த்திசையில் கொடுத்தனுப்பிய சரக்கில் இரண்டு டன் தங்கம் இருந்தது. கொடுக்கல் வாங்கல் முடிந்து இரண்டு கப்பல்களும் பிரிந்தன. யு-180 பிறகு சரக்குக் கப்பலாகவே மாற்றப்பட்டது. 1944 ஆகஸ்டில் போர்தோவிலிருந்து புறப்பட்ட கையோடு 56 பேருடன் அழிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் நெருக்கமானது, ஆனால் அதிகம் நினைவுகூரப்படாதது. பினாங்கில் இந்தியச் சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஒன்று இயங்கியது. அங்கே பயின்ற இளைஞர்களில் ஒரு குழு 1942 செப்டம்பர் கடைசியில் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபாரின் தானூர்க் கரையில் இறங்கியது. வக்கம் அப்துல் காதர் அதில் ஒருவர். இன்னொரு குழு குஜராத் கரையில் இறங்கியது. இறங்கிய சிறிது காலத்திலேயே பிடிபட்டார்கள். காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

தானூரில் ரயில் ஏறினால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கோவையை ஒட்டிய போத்தனூர் வந்துவிடும். 1942 ஆகஸ்ட் 26 அன்று வெள்ளையனே வெளியேறு இயக்கத்தினர் சூலூர் விமானத் தளத்துக்குத் தீ வைத்தார்கள். பலர் சிறை சென்றார்கள். செப்டம்பரில் தானூர்க் கரையில் நீர்மூழ்கி. அந்த ஆண்டு முடிவதற்குள் பீளமேட்டில் கருடா. மூன்றும் சில மாத இடைவெளியில், ஒரே கணவாயின் இரு பக்கமும் நடந்தவை. சூலூரில் தீ வைத்தவர்களுக்கும் தானூரில் இறங்கியவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது; இருவர் குறியும் ஒன்றுதான்.

அசென்ஷன் என்னும் சுங்கச்சாவடி

பினாங்கிலிருந்து பிரான்சுக்கோ நார்வேக்கோ போக வேண்டுமானால் தென் அட்லாண்டிக்கைக் கடந்தே தீர வேண்டும். அந்த வழியின் குறுக்கே, ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளி, அசென்ஷன் என்ற எரிமலைத் தீவு தனியே கிடக்கிறது. பரப்பளவு 88 சதுர கிலோமீட்டர்தான். 1942இல் அமெரிக்கப் பொறியாளர்கள் எரிமலைப் பாறையை வெட்டி அங்கே ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். அதற்கு 'வைட்அவேக்' என்று பெயர். அத்தீவில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் ஓர் ஆலா இனப் பறவைக்கு அங்கு வழங்கும் பெயர் அது. இங்கே கருடன், வைரி. அங்கேயும் ஒரு பறவை.

அந்தத் தீவிலிருந்து எழுந்த லிபரேட்டர் விமானங்கள் கிழக்கே புறப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகளை வழியில் மறித்தன. 1943 நவம்பர் 5 அன்று யு-848, நவம்பர் 25 அன்று யு-849, 1944 பிப்ரவரி 6 அன்று யு-177 என்று மூன்று படகுகள் அவற்றிடம் மாட்டின. நீர்மூழ்கி எப்போதும் மூழ்கியே இருக்க முடியாது. மின்கலத்துக்கு உயிரூட்ட மேலே வந்து டீசல் எஞ்சினை ஓட்டியாக வேண்டும். நீண்ட பயணத்தில் பெரும்பகுதியும் நீர்மட்டத்தில்தான் போகும். அந்த நேரத்தில் வானில் ஒரு விமானம் வந்தால் தீர்ந்தது. விமானத்துக்கு நடுக்கடலில் ஒரு பிடி மண் வேண்டும். அசென்ஷன் அதைக் கொடுத்தது. பினாங்குத் தீவு பாதையைத் திறந்தது, அசென்ஷன் தீவு அதை அடைத்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஆனைமலைக் கொய்னா

ஐ-52இன் சரக்குப் பட்டியல் கிடைத்திருக்கிறது. ஜப்பானில் ஏற்றிய இரண்டு டன் தங்கம், சிங்கப்பூரில் ஏற்றிய வெள்ளீயம், டங்ஸ்டன், மாலிப்டினம் சேர்த்து 228 டன், ரப்பர் 54 டன், கொய்னா 3 டன், அபின் 2.88 டன். 1944 ஜூன் 24 வாக்கில் கேப் வெர்டி தீவுகளுக்கு மேற்கே 'போக்' என்ற அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பலின் விமானங்கள் அதை மூழ்கடித்தன. 1995இல் ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் தங்கத்தைப் பற்றியே எழுதினார்கள். நான் நின்று பார்ப்பது அந்த மூன்று டன் கொய்னாவை.

மலேரியாவுக்கு அன்று கொய்னாவை விட்டால் நம்பிக்கையான மருந்து குறைவு. ஜாவா கைவிட்டுப் போனதும் நேச நாட்டுப் படைகள் திண்டாடின. அப்போது இந்தியாவில் மிஞ்சியிருந்த சிங்கோனாத் தோட்டங்களில் முக்கியமானவை நம் மலைகளில் இருந்தன. நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மரம் நட்டிருந்தார்கள். நடுவட்டத்தில் பட்டையைக் காய்ச்சி மருந்து எடுக்கும் தொழிற்சாலையும் இருந்தது. 1920களில் சென்னை மாகாண அரசு ஆனைமலையில், வால்பாறையை அடுத்து, புதிய தோட்டம் போட்டது. இன்று அங்கே தேயிலை வளர்கிறது. ஊரின் பெயர் மட்டும் சிங்கோனா என்றே நிற்கிறது. அட்டை கடிக்கும் அந்தச் சரிவில் பட்டை உரித்தவர்களும் தமிழ்த் தொழிலாளர்களே.

ரப்பரிலும் இதே நிலைமைதான். மலாயா போனதும் நேச நாடுகளுக்கு இலங்கை ரப்பர்தான் பெரிய ஆதாரமாயிற்று. அந்தத் தோட்டங்களிலும் தமிழர் கணிசமாக வேலை செய்தார்கள். ஆக, அச்சு நாடுகளுக்கு நீர்மூழ்கியில் போன ரப்பரிலும், நேச நாடுகளுக்கு மேல்மட்டக் கப்பலில் போன ரப்பரிலும் ஒரே மக்களின் உழைப்பு இருந்தது. இரண்டு பக்கமும் அவர்களைக் கேட்டுக்கொண்டு போர் செய்யவில்லை.

பீளமேடு வந்தது ஏன்?

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. பினாங்கிலிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிகள் இந்தியப் பெருங்கடலில் கப்பல்களைத் தேடி அலைந்தன. கரையோரத் தளங்களை முழுதாக நம்ப முடியாத நிலை. கோவையோ கரையிலிருந்து எட்டி இருந்தது. கொச்சித் துறைமுகத்தோடு ரயிலால் இணைந்திருந்தது. வறண்ட காற்று, பைக்காராவிலிருந்து 1930களில் வந்த மின்சாரம், பஞ்சாலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் கைபழகிய ஃபிட்டர், டர்னர், மோல்டர்கள், 1940இல் திறந்த பீளமேட்டு விமான நிலையம் ஆகிய எல்லாம் இங்கே இருந்தன. சண்டையில் அடிபட்ட கடற்படை விமானங்களைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய இப்படியோர் ஊர் தேவைப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின்னும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா 1961இல் சூலூரில்தான் தொடங்கப்பட்டது. கோவா விடுதலையான பிறகே அது டபோலிம் போனது.

கணக்கும் தீர்ப்பும்

கணக்கு வழக்கில் பார்த்தால் சரக்கு நீர்மூழ்கி நட்டக் கப்பல்தான். டாய்ச்லாந்து திரும்பும்போது ஏற்றியது மொத்தம் 782 டன். பத்தாயிரம் டன் சுமக்கும் ஒரு சாதாரணப் போர்க்காலச் சரக்குக் கப்பலுக்கு ஈடாக அது பதின்மூன்று நடை போக வேண்டும். ஐ-52 முப்பத்தைந்து நடை போக வேண்டும். கொய்னா, டங்ஸ்டன், அபின் போன்ற அளவு சிறுத்து மதிப்புப் பெருத்த சரக்குக்கு மட்டுமே அது ஓரளவு பொருந்தியது. அதுவும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. யு-861 கிழக்கிலிருந்து டங்ஸ்டனும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு நார்வேயின் ட்ரொண்ட்ஹைமை அடைந்தபோது 1945 ஏப்ரல். மூன்று வாரத்தில் ஜெர்மனி சரணடைந்துவிட்டது. போரின் போக்கை இந்தக் கப்பல்கள் மாற்றவில்லை என்பதே என் முடிவு. ஒரே ஒரு பயணம் வரலாற்றில் ஆழமான தடம் பதித்தது. அந்தத் தடம் ரப்பராலோ தங்கத்தாலோ வந்ததில்லை, அதில் வந்த நேதாஜியால் வந்தது. அவர் வந்த பிறகு மலாயாத் தோட்டங்களில் உளி பிடித்த ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

கடலடிச் சரக்கின் கதையை அட்லாண்டிக் கதை என்று ஒதுக்கி வைப்பது சரியில்லை. அதன் ஒரு முனை அசோர்ஸிலும் அசென்ஷனிலும் இருக்கிறது. மறுமுனை பினாங்குத் தோட்டத்தில், ஆனைமலைச் சரிவில், தானூர் மணலில், பீளமேட்டில் இருக்கிறது. முதல் முனையைப் பற்றி மேல்நாட்டார் எழுதி முடித்துவிட்டார்கள். இரண்டாம் முனையை நாம்தான் எழுத வேண்டும்.

1944இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று நூறு தாண்டிவிட்டது. நேரில் கண்டவர்கள் அநேகமாக இல்லை; அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் மலாயாவிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி இருக்கலாம். பீளமேட்டில் வெள்ளைக்காரக் கடற்படையில் வேலை பார்த்த தாத்தாவின் படம் இருக்கலாம். சிங்கோனாவில் பட்டை உரித்த அப்பத்தாவின் பேச்சு யாருக்காவது நினைவிருக்கலாம். கேட்டு எழுதி வையுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் விடாமல் எழுதுங்கள். ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள்.